மூச்சுக்குக் கீழே

நாயனக்காரனுக்கு மூலதனம் வயிறு. பார்க்கிறவர்கள் உப்பிய கன்னத்தைத்தான் பார்க்கிறார்கள். காற்று புறப்படுவது அடிவயிற்றிலிருந்து. கோயிலிலும் கல்யாணப் பந்தலிலும் நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த வயிற்றை நம்பித்தான் என் குடும்பம் சாப்பிட்டது. புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு, வயிறு இறுகும்போதெல்லாம் என் வேட்டி நனைந்தது. எங்கள் பக்கத்தில் ஆண்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ராத்திரியில் அடிக்கடி எழுந்து போகிறேன் என்று கும்பகோணத்தில் காட்டப் போனபோது, வயசானால் எல்லாருக்கும் வருகிற வீக்கம்தான் என்று நினைத்திருந்தேன். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்த்தார்கள். 4க்குள் இருக்க வேண்டியது 11 இருந்தது. பிறகு ஸ்கேன், பயாப்சி. புற்றுநோய்தான், ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை, எடுத்துவிடலாம் என்றார்கள். ஆபரேஷன் சென்னையில்.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே இருக்கிறது அந்தச் சுரப்பி. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே நுழைந்து வருகிறது. சுரப்பியை எடுத்தால் குழாயின் அந்தத் துண்டும் சேர்ந்து போகும். பிறகு பையைக் கீழே இழுத்து மிச்சக் குழாயோடு வைத்துத் தைக்க வேண்டும். சிறுநீரைத் தடுத்து நிறுத்த உடம்பில் இரண்டு வளையத் தசைகள் உண்டு. பையின் கழுத்தில் உள்ளது நாம் நினைக்காமலே வேலை செய்யும். ஆபரேஷனில் அதன் பலம் பெரும்பாலும் போய்விடுகிறது. சுரப்பிக்குக் கீழே உள்ளது நாமே இறுக்கித் தளர்த்தக்கூடியது. அதுவரை இரண்டு பேர் பார்த்த வேலையை இனி அது ஒண்டியாகப் பார்க்க வேண்டும். சுரப்பியை ஒட்டி ஓடும் நரம்புகளை விட்டுவைத்து அறுக்கும் முறையை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பாட்ரிக் வால்ஷ் 1982இல் தொடங்கிவைத்தார் என்றும், அதற்கு முன்னால் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பட்ட பாடு பெரிது என்றும் சொன்னார்.

"கொஞ்ச நாள் கசியும், சரியாயிடும்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது. என் மகனும் உயிரைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தான். புற்றுநோய் என்ற வார்த்தை விழுந்த வீட்டில் வேட்டி நனைவதைப் பற்றி யாருக்குக் கேட்கத் தோன்றும்?

மயக்கம் தெளிந்தபோது உடம்பில் ட்யூப் இருந்தது. தையல் ஆறும்வரை சிறுநீர் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பைக்குள் இருக்கும் அதன் நுனியில் ஒரு சின்ன பலூன்; 10 மில்லி தண்ணீர் ஏற்றி அதை ஊதவைத்திருப்பார்கள், ட்யூப் நழுவாமல் இருக்க. ஃபோலி ட்யூப் என்று நர்ஸ்கள் சொன்னார்கள். 1930களில் அதை வடிவமைத்த ஃப்ரெடரிக் ஃபோலி என்ற அமெரிக்க டாக்டரின் பெயராம். பலூன் உள்ளே உரசும்போது பை சுண்டி இழுக்கும். முட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும், போகவும் முடியாது. ட்யூபைச் சுற்றிக்கொண்டு நாலு சொட்டு வெளியே வரும். ஏதோ கிழிந்துவிட்டது என்றே பயந்தேன். பை சுருங்குவதால் வருவது அது, மாத்திரையில் அடங்கும் என்று ராத்திரி ட்யூட்டி நர்ஸம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஒரு விளக்கத்தை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரவுகள் எவ்வளவோ மாறியிருக்கும்.

தொடையில் சிறுநீர் சேரும் பையைக் கட்டிக்கொண்டு வீடு வந்து, ட்யூபை எடுக்க மறுபடி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். ஊசிக்குழலால் பலூன் தண்ணீரை உறிஞ்சிவிட்டு ட்யூபை உருவினார்கள். வலி பெரிதாக இல்லை. "எழுந்து நில்லுங்க ஐயா" என்றார்கள். நின்றேன். காலோடு ஒழுகியது. நிறுத்த வேண்டும் என்று மனசு சொல்கிறது. நிறுத்துகிற இடம் எங்கே இருக்கிறது என்றே உடம்புக்குத் தெரியவில்லை. குழந்தையிலிருந்து அறுபத்து நாலு வயசுவரை ஒரு நொடிகூட நினைத்துப் பார்க்காத ஒன்று என் கையை விட்டுப் போயிருந்தது. என் வீட்டுக்காரி பையிலிருந்து டயபரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் உண்மையான வியாதி. படுத்திருந்தால் பரவாயில்லை, எழுந்தால் ஒழுகும், இருமினால் ஒழுகும், தண்ணீர்க் குடத்தை நகர்த்தினால் ஒழுகும். காலையில் கொஞ்சம் தாங்கும், சாயங்காலம் ஆக ஆகத் தசை களைத்துப்போய் மோசமாகும். டயபர் ஒன்று நாற்பது, ஐம்பது ரூபாய். கச்சேரி இல்லாத நாயனக்காரன் ஒரு நாளைக்கு எத்தனை வாங்குவான்? என் வீட்டுக்காரி பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்துத் தைத்து, பகலுக்குத் துணி, வெளியே போக டயபர் என்று வகுத்துவிட்டாள். தொடையிடுக்கு புண்ணாகாமல் இருக்க ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய். மெடிக்கல் ஷாப்பில் அந்தப் பாக்கெட்டைப் பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, குரலைத் தாழ்த்திக் கொடுப்பார்கள். கள்ளச் சரக்கு வாங்குகிற மாதிரி கூசும். என் மருமகள் ஒருநாள் சொன்னாள்: "எங்களுக்கு வயசுக்கு வந்ததுலேர்ந்து இப்படித்தான் மாமா சுத்திக் குடுக்கறாங்க." அதற்கப்புறம் கவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு வாங்கியிருந்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். அண்ணனுக்குத் தம் போய்விட்டது என்று ஊரில் பேச்சு. கோயிலில் யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. ஈரத்தோடு சந்நிதிக்குள் போக எனக்கே ஒப்பவில்லை. உற்சவத்தில் சுவாமி புறப்பாட்டுக்கு என் தம்பி மகன் கம்பீரநாட்டையில் மல்லாரி வாசித்தான். திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். எந்தத் திருப்பத்தில் சுவாமி நிற்கிறார் என்று சத்தத்தை வைத்தே தெரிந்தது. பையன் நன்றாகத்தான் வாசித்தான். எனக்கு அழுகை வந்தது. வியாதி என்று தெரிந்தபோது வராத அழுகை.

இன்னொரு இழப்பும் இந்த ஆபரேஷனோடு வரும். புருஷன் பெண்சாதிக்குள் உள்ளது அது. நரம்பு தேற வருஷக்கணக்கில் ஆகலாம், தேறாமலும் போகலாம். அதையும் டாக்டரிடம் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது மட்டும் இங்கே போதும்.

திருப்பம் வந்தது தஞ்சாவூரில், ஒரு பிசியோதெரபி அறையில். என் மகள் வயசுப் பெண். கூச்சப்படாமல் பேசினாள். இடுப்புக்கு அடியில் ஊஞ்சல் கட்டினாற்போல ஒரு தசைத்தளம் இருக்கிறது, அதை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றாள். முயன்றேன். வயிறு இறுகியது, பிட்டம் இறுகியது, மூச்சு நின்றது. "அதெல்லாம் வேணாம் ஐயா, அது மட்டும்" என்றாள். மறுபடியும் வயிறு. அப்புறம் நான் என்ன தொழில் என்று கேட்டாள். சொன்னேன். சீவாளியை எப்படிப் பிடிப்பீர்கள் என்றாள். கன்னத்தைத் தளரவிட்டு, கழுத்தைத் தளரவிட்டு, உதட்டால் மட்டும் கவ்வ வேண்டும். காற்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே எது மட்டும் இறுக வேண்டும் என்று பிடிபட்டுவிட்டது.

மெதுவாக இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து, பிறகு அதே அளவு நேரம் முழுசாகத் தளரவிட வேண்டும். அடுத்து வேகமாகச் சுண்டிச் சுண்டி விட வேண்டும். தளரவிடுவதும் பயிற்சியில் பாதி என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். இருமுவதற்கு முன், எழுந்திருப்பதற்கு முன், குடம் தூக்குவதற்கு முன் முதலில் அந்தத் தசை, பிறகுதான் காரியம். நனைந்த துணியை அடுப்படித் தராசில் நிறுத்து, காய்ந்த துணியின் எடையைக் கழித்துக் குறித்துவரச் சொன்னாள். ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி. கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் கிராமில் தெரிந்தது. பயந்துபோய்த் தண்ணீரைக் குறைத்திருந்தேன். அது தப்பு, சிறுநீர் சுண்டினால் பையை இன்னும் அரிக்கும் என்றாள். காப்பியையும் டீயையும்தான் குறைக்கச் சொன்னாள். தஞ்சாவூர்க்காரனுக்கு அது சின்னத் தண்டனை இல்லை. ஒழுகிவிடுமோ என்று அரை மணிக்கொரு தரம் போகிற பழக்கத்தையும் விடச் சொன்னாள். 400, 500 மில்லி பிடிக்கிற பை, அடிக்கடி காலி செய்தால் கொஞ்சத்துக்கே துடிக்கப் பழகிவிடுமாம். போக வேண்டும் என்று தோன்றியதும் ஐந்து நிமிஷம் தள்ளிப் போட்டு, அது பழகினதும் பத்து நிமிஷம் என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.

இந்தப் பயிற்சி முதலில் ஆண்களுக்காக வந்ததில்லை. ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர், பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசிகிற பெண்களுக்காக 1948இல் எழுதி வைத்தது. இதை அந்தப் பெண் சொன்னபோது என் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊர் திரும்புகிற பஸ்ஸில் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் மூணாவது பிரசவத்துலேர்ந்து இருக்குங்க. தும்மினா நனையும்." மூணாவது பிள்ளைக்கு அப்போது முப்பத்தோரு வயசு. கல்யாண வீடுகளில் அவள் ஏன் எப்போதும் கொல்லைப்புறம் பக்கமாகவே உட்காருவாள், ஏன் தூரத்துப் பயணம் என்றால் முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள் என்பதெல்லாம் அந்த பஸ்ஸில் விளங்கியது. அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை. மருந்து உண்டு, பயிற்சி உண்டு என்று அவளுக்கு ஒரு டாக்டரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே பயிற்சி செய்தோம்: காலையில் கூடத்தில் பாய் போட்டு, சாயங்காலம் விளக்கேற்றினதும். எண்ணுவது அவள். எனக்கு முன்னால் அவளுக்குக் குணம் தெரிந்தது.

நாயனத்தைத் தொட நாளாயிற்று. தையல் நன்றாக ஆறும்வரை ஊதக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அனுமதி கிடைத்த பிறகு, யாரும் இல்லாத மத்தியானத்தில் ஷட்ஜத்தைப் பிடித்தேன். ஸ்வரம் வந்தது, கூடவே ஈரமும். கீழ் ஸ்தாயியில் சமாளிக்க முடிந்தது. மேல் ஸ்தாயிக்குக் காற்றை அழுத்தினால் டயபர் கனக்கும். அப்புறம் புதிதாகச் சாதகம் ஆரம்பித்தேன், எங்கள் அப்பா எனக்கு ஆரம்பித்த மாதிரியே, சரளி வரிசையிலிருந்து. கீழே இறுக்கம், பிறகு காற்று, பிறகு உதடு. நீளமான பிடிகளை உடைத்து, நடுவில் மூச்சு வாங்குகிற இடத்தில் கீழேயும் தளரவிட்டேன். தசையை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. அதற்கும் இடைவெளி வேண்டும். உட்கார்ந்து வாசிப்பது எளிது, வீதியில் நடந்துகொண்டே வாசிப்பது கஷ்டம். என் தவில்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "இவ்வளவுதானே அண்ணே, நீங்க மூச்சு வாங்குற எடத்துல நான் ரெண்டு ஆவர்த்தம் கூட வாசிச்சுட்டுப் போறேன்" என்றார். இன்றைக்கும் அப்படித்தான் வாசிக்கிறார். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் கசிவு நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னது என் விஷயத்தில் நடந்தது. ராத்திரியில் முதலில் உலர்ந்தது, பிறகு காலைகள், சாயங்காலம் கடைசியாக. ஒரு வருஷம் ஆகியும் குறையாதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. குழாயைத் தாங்கிப் பிடிக்கிற நாடா வைக்கலாம். செயற்கை வளையமும் பொருத்துகிறார்கள். விதைப்பைக்குள் வைத்த சின்ன பம்பை அழுத்தினால் அது திறந்துவிடும். விலை அதிகம்தான், ஆனால் இருக்கிறது என்பதாவது தெரிய வேண்டும். ட்யூபை எடுத்த அன்று எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டு வீடு திரும்பினேன்.

நான் வெளியே சொல்ல ஆரம்பித்ததும் ஆட்கள் வந்தார்கள். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருவர், பக்கத்துத் தெரு மிராசுதார், என்னோடு பத்து வருஷம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர். ஒவ்வொருவரும் தனியாக, இருட்டின பிறகு வந்தார்கள். ஒருவர் மகள் கல்யாணத்தில் மணையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்ததற்குக் காரணம் இதுதான் என்றார். குடும்பத்தில் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. கேட்கும்போது நெஞ்சு கனத்தது.

இப்போது கோயிலில் மறுபடி வாசிக்கிறேன். வேட்டிக்குள் மெல்லிய பேட் ஒன்று உண்டு; மேல் ஸ்தாயியில் நின்றால் சில சொட்டு இன்னும் வருகிறது. பி.எஸ்.ஏ. 0.1க்குக் கீழே நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். சென்ற மாதம் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு தவில்காரர் மனைவியோடு வந்தார், அதே ஆபரேஷன் அடுத்த வாரம். உட்காரவைத்து, பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்னாலேயே தொடங்கச் சொல்லிச் சீவாளியைக் கையில் எடுத்து விளக்கினேன். ட்யூப் எடுக்கிற அன்று மாற்று வேட்டி இரண்டு கொண்டுபோகச் சொன்னேன். என் வீட்டுக்காரி அந்த அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய், துணி மடிக்கிற விதத்தைக் காட்டிவிட்டு, "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.