நீர்க்கட்டி இல்லாத மதகு

"விவசாயிதான் தண்ணீரைத் தீர்க்கிறான், கணினிக்காரர்களை ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று சோழிங்கநல்லூர்ப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னிடம் வாதாடுவார்கள். கணக்குப்படி அவர்கள் சொல்வது சரிதான். உலகில் மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு வேளாண்மைக்குப் போகிறது. இந்தியாவில் 80-க்கும் மேல். கூகுள் நிறுவனம் தன் தரவு மையங்களில் 2023-இல் உலகம் முழுக்கச் செலவழித்ததாகத் தானே வெளியிட்ட அளவு சுமார் 610 கோடி கேலன். நம் கணக்கில் மாற்றினால் ஒரு டிஎம்சிகூடத் தேறாது. வீராணம் ஏரி நிரம்பினாலே ஏறக்குறைய ஒன்றரை டிஎம்சி. காவிரியில் கர்நாடகம் நமக்கு விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. இவற்றை அருகருகே வைத்தால் நெல் போட்டவன்தான் குற்றவாளி.

ஆனால் யாரும் உலக மொத்தத்திலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. அவரவர் ஊர்க் கிணற்றில்தான் குடிக்கிறோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் தி டாலஸ் என்று ஒரு சிறு நகரம். அங்கே கூகுளின் தரவு மையங்கள் உள்ளன. 2021-இல் அந்த நகரத்துத் தண்ணீரில் கால் பங்குக்கு மேல் அவற்றுக்கே போனது. அதைவிட என்னை உறுத்தியது வேறு. செய்தித்தாள் ஒன்று அந்த அளவைக் கேட்டபோது, அது தொழில் ரகசியம் என்று சொல்லி நகர நிர்வாகமே வழக்குப் போட்டது. ஓராண்டுக்கு மேல் இழுத்தபிறகுதான் கணக்கு வெளியே வந்தது.

அது ஏன் உறுத்தியது என்றால், செங்கல்பட்டு வட்டாரத்து ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் ஏரிக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தார். மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. கார்த்திகையில் ஏரி கலங்கல் போய்விட்டால் அவருக்கு வேலை சுலபம். மழை பொய்த்த வருஷத்தில்தான் அவர் யாரென்று தெரியும். ஏரியில் எத்தனை அடி நிற்கிறது என்று ஊர் கூடிய இடத்தில் சொல்வார். எந்தப் பக்கம் நடலாம், எதைத் தரிசு விடுவது என்று அங்கேயே முடிவாகும். பிறகு முறை வைத்துத்தான் தண்ணீர். தலைமடைக்காரர் ராத்திரியில் வாய்க்காலை வெட்டிவிட்டால் விடிந்ததும் நீர்க்கட்டி மண்வெட்டியோடு வந்து அடைப்பார். எவ்வளவு பெரிய மிராசுதாரரானாலும் பேச முடியாது. கூலி, அறுவடைக் களத்தில் அளக்கும் நெல். ஒரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும்: ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்ட அந்த மனிதரால் ஊர்க்கிணற்றில் ஒரு குடம் மொள்ள முடியாது. அது பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. ஏரியின் கணக்கு மட்டும் எல்லார் முன்னாலும் இருந்தது. பற்றாக்குறையை ஊர் பொறுத்துக்கொண்டது. மறைத்து எடுத்ததைப் பொறுக்கவில்லை.

பற்றாக்குறையை இன்னோரிடத்தில் எப்படிப் பங்கிட்டார்கள் என்று பாருங்கள். மழைக்குப் புயலை நம்பும் தைவானில் 2020-இல் ஒரு புயலும் கரையேறவில்லை. 56 ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. அணைகள் வற்றின. அரசு 74,000 ஹெக்டேருக்கு மேல் பாசனத்தை நிறுத்தி, உழவர்களுக்கு இழப்பீடு கொடுத்தது. சிப் ஆலைகளைப் பதினைந்து விழுக்காடுவரை குறைத்துக்கொள்ளச் சொன்னது. சிலிக்கான் தகடுகளை ஒவ்வொரு கட்டத்திலும் மிகத் தூய நீரில் கழுவ வேண்டும்; அது நின்றால் நாட்டின் வருமானமே நிற்கும். அந்த ஆலைகள் தம் நீரில் பெரும்பங்கை மறுபடி பயன்படுத்துகின்றன என்பதும் உண்மை. இருந்தாலும் ஒருவருக்கு முறைத்தண்ணீர், இன்னொருவருக்கு முழு அடைப்பு. எங்கள் நீர்க்கட்டி இதற்கு ஒப்பியிருக்க மாட்டார்.

நம் ஊருக்கு வருவோம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. அந்தச் சாலையில் பல இடங்களுக்குக் குடிநீர்க் குழாய் வருமுன்பே கண்ணாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. லாரித் தண்ணீர்தான் அவற்றைத் தாங்கியது. அந்த நீர் வந்தது சுற்றுவட்டாரக் கிராமத்துக் கழனிக் கிணறுகளிலிருந்து. நெல் போடுவதைவிட லாரிக்கு விற்பது லாபம் என்று கண்டவர்கள் எங்கள் உழவர்களே. பக்கத்துக் கழனிக்காரரின் கிணறும் சேர்ந்தே இறங்கியது; விலையில் அவருக்குப் பங்கு கிடையாது. ஆகவே வயல் ஒரு கட்சி, கணினி ஒரு கட்சி என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

இரண்டிலும் நீர் போகும் வழி மட்டும் வேறு. நெல்வயலில் கட்டிய நீரில் ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதி கசிந்து கிணற்றில் ஊறும். தரவு மையத்துக் குளிர்விப்புக் கோபுரத்துக்கு ஏற்றும் நீர் பெரும்பாலும் ஆவியாகவே போய்விடுகிறது. நீரை ஆவியாக்காமல் குளிர்விக்கவும் வழி உண்டு. ஆனால் அதற்கு மின்சாரம் கூடுதலாக வேண்டும். அனல்மின் நிலையமும் தண்ணீர் கேட்கும். எல்லாவற்றுக்கும் குடிநீர்தான் வேண்டும் என்பதில்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் ஆலைகளுக்குத் தரக்கூடிய நிலையங்கள் 2019-இலேயே வந்துவிட்டன. நம் உழவர்கள் யோக்கியதையும் தெரிந்ததுதான்: நீர் மறைந்தபின் மறுநீர் கட்டினால் போதும் என்று வேளாண் பல்கலைக்கழகத்தார் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். வரப்பு மட்டத்துக்குத் தேக்கினால்தான் இவர்களுக்குத் தூக்கம் வருகிறது.

சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் தரவு மையங்கள் எழுகின்றன. அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளே, மேலாளரிடம் ஒன்று கேளுங்கள்: நேற்று எத்தனை லிட்டர், எங்கிருந்து வந்தது, எத்தனை திரும்பப் பயன்பட்டது? அதை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். உழவர்களும் பம்புசெட்டுக்கு ஒரு மீட்டர் வைத்துக்கொள்ளட்டும். காசு கட்ட வேண்டாம், அளவு தெரிந்தால் போதும். இப்படி எழுதியதற்காக என் சொந்த ஊரிலேயே என்னை ஏசுவார்கள். ஏசிவிட்டு மீட்டரை மாட்டிக்கொண்டால் சரி.