ஆண்டைக்கு என்ன குறி?

ஆலோசனை உளவியல் முதுகலை வகுப்பில், மனசுக்குச் சாதி கிடையாது என்று சொல்லித்தந்தார்கள். சாதி குடியிருக்கிற இடமே மனசுதான் என்பது சேரியில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

எம்.ஏ. தமிழ் முடித்து, பல வருஷம் இயக்க வேலை பார்த்து, முப்பது வயசுக்கு மேல் திரும்பவும் கல்லூரிக்குப் போனேன். சாதிக் கலவரம் நடந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுவோடு போயிருக்கிறேன். எரிந்த வீடு எத்தனை, செத்த மாடு எத்தனை என்று எழுதி வருவோம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் குந்தியிருக்கிற பொம்பளைகளுக்கு அறிக்கையில் இடம் இருக்காது. 2016இல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா இறந்த பிறகு, விடுதிகளில் நம் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேச யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை.

மூன்று மூன்று பேராக உட்கார வைத்துப் பயிற்சி தருவார்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் நாடி வந்தவர், இன்னொருவர் பார்வையாளர். குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, காது கொடுத்துக் கேட்க வேண்டும். எதிரே இருப்பவரை நிபந்தனை இல்லாமல் மதிக்க வேண்டும் என்று கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதினார். இதைத்தானய்யா நாங்க காலங்காலமா கேக்குறோம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பயிற்சி நல்ல பயிற்சி.

அடுத்து ஜீனோகிராம். மூன்று தலைமுறைக் குடும்பப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர்களுக்குப் பெருக்கல் குறி, சண்டைக்கு வளைந்து வளைந்து போகும் கோடு. எங்க தாத்தா ஆண்டை வீட்டுப் படியாள். ஆயா எப்போ எழுந்திரிக்கணும், எப்போ கூழு குடிக்கணும், அப்பா பள்ளிக்கூடம் போலாமா கூடாதா, எல்லாம் அந்த ஆளு வாக்கு. ரத்த உறவு இல்லாததால் அவனுக்குப் படத்தில் இடமில்லை. நானாக ஒரு பெரிய கட்டம் போட்டு, அதிலிருந்து தாத்தா, ஆயா, அப்பா மூணு பேருக்கும் கோடு இழுத்தேன். “இது சோசியாலஜிம்மா, நாம பாக்குறது மனசு” என்றார் ஆசிரியர். தாத்தா குடிச்சதுக்குக் குறி இருந்தது. ஏன் குடிச்சாருன்னு கேக்கக் குறி இல்லை.

அதே வகுப்பில் கிளார்க் தம்பதியின் பாடமும் உண்டு. கென்னத், மேமி இருவரும் கறுப்பின உளவியலாளர்கள். கறுப்புக் குழந்தைகளிடம் கறுப்பு பொம்மையையும் வெள்ளை பொம்மையையும் காட்டி எது நல்லது என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளையைக் காட்டின. 1954இல் நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், கென்னத் கிளார்க்கின் எழுத்தையும் எடுத்துக்காட்டியது. அமெரிக்கப் பிள்ளைக்கு நேர்ந்தால் உளவியல், சேரிப் பிள்ளைக்கு நேர்ந்தால் சமூகவியலா?

களப்பயிற்சிக்குப் போன மையத்தில் நிரப்பச் சொல்லும் படிவத்தில் பெயர், வயது, தூக்கம், பசி எல்லாம் கேட்டிருக்கும். நம் பிள்ளை ஒருத்தி தன் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரிப்பதைச் சொல்லி அழுதால், ‘தன்மதிப்புக் குறைவு’ என்று எழுத வேண்டும். மதிப்பைக் குறைத்தவர்களை எழுத இடமில்லை. மனநலச் சிகிச்சை தருவதில் சாதி பார்க்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. சாதியே நோவாக வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதை எந்தப் பாடவேளையிலும் யாரும் சொல்லவில்லை.

அதற்காக இந்தப் படிப்பை அவர்களுக்கே விட்டுவிட முடியாது. இரண்டு வருஷப் படிப்பு, சம்பளம் இல்லாத களப்பயிற்சி, தினமும் பஸ் காசு. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை எப்படித் தாங்கும்? 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் எடுக்க நம்மில் வக்கீல்கள் வேணும் என்று இயக்கங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. வழக்கு முடிஞ்ச பிறகும் தூங்காம குந்தியிருக்கிற பொம்பளை பக்கத்துல உட்கார, படிச்ச ஆளு வேணும். அதுக்கும் நாமதான் பிள்ளைகளை அனுப்பணும்.