அவரை பூக்கும் காலம்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது நம்மோடு இரயிலேறித் தில்லிக்கு வந்த பழமொழி. இட்லித் தட்டையும் அம்மிக் குழவியையும் போல இதையும் நாம் ஊரிலிருந்து கொண்டு வந்தோம். கோல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள அரசுக் குடியிருப்புகளில் தரைத்தள வீடு கிடைத்த தமிழர் பலரும் முன்வாசலில் ஒரு துளசியும் பின்புறத்தில் ஓர் அவரையும் வைக்காமல் இருந்ததில்லை. ஆயினும், அப்பழமொழி பிறந்த காவிரிக் கரை ஏறத்தாழ 11ஆம் அட்சரேகையில் உள்ளது. நாம் வாழும் தில்லியோ 28ஐத் தாண்டியது. அங்குச் சொன்ன சொல் இங்குச் செல்லுமா?

அவரைக்குச் செல்லும், பீன்ஸுக்குச் செல்லாது என்பதே நான் கண்ட விடை.

இரண்டும் ஒரே குடும்பத்தவை எனினும் பிறப்பால் வேறானவை. அவரை நம் மண்ணுக்குப் பழையது. தினை அறுத்த தாளில் அவரைக் கொடி பூக்கும் பனிக்காலத்திலும் தலைவன் வரவில்லையே என்று குறுந்தொகையின் 82ஆம் பாடலில் தலைவி வருந்துகிறாள். பீன்ஸோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி ஐரோப்பியர் வழியே நம்மிடம் வந்தது. அவரை பகலின் நீளம் பார்த்துப் பூக்கிறது. பீன்ஸ் மண்ணின் வெப்பம் பார்த்து முளைக்கிறது.

பகல் குறுகினால்தான் சில செடிகள் பூக்கும் என்பதை அமெரிக்க அறிஞர்களான கார்னரும் அல்லார்டும் 1920இல் உலகுக்கு விளக்கினர். நம் பந்தல் அவரை அவ்வினத்தைச் சேர்ந்தது. தஞ்சையில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேறுபாடு ஒன்றேகால் மணி நேரமே. தில்லியிலோ ஆனி மாதத்தில் 14 மணி நேரத்தை எட்டும் பகல், மார்கழியில் பத்தேகால் மணியளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே கோடையில் ஊன்றிய கொடி, மழையெல்லாம் குடித்து, இலையும் தண்டுமாகச் செழித்து, ஒரு பூவும் காட்டாமல் நிற்கும்.

என் தந்தையார் காலமான பின், தாயார் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து என்னோடு வந்து சேர்ந்தார். சித்திரையில் வந்தவர், ஆடி வரை கை சும்மா இருக்க மாட்டாமல், புடவைத் தலைப்பில் முடிந்து வந்த விதையை வைகாசியிலேயே ஊன்றிவிட்டார். புரட்டாசிக்குள் கொடி சமையலறைச் சன்னலையே மூடியது. பூ மட்டும் இல்லை. “இந்த மண்ணில் நம் விதை இலைதான் விடும். என்னை ஊரிலேயே கொண்டுபோய் விட்டுவிடு” என்றார். ஊரில் இருந்ததோ பூட்டிய வீடு. இந்தி அறியாத அவருக்குப் பகல் முழுதும் பேச்சுத்துணை கிடையாது. அவர் சொன்னது அவரையைப் பற்றி மட்டுமன்று என்பது எனக்கு விளங்கிற்று. மாடி வீட்டுக் கட்வால் மூதாட்டி, “மாதாஜி, தீபாவளி வரை பொறுங்கள்” என்றார். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்துவந்த என் மகள் அதைத் தமிழாக்கினாள். தீபாவளி கழிந்த வாரத்தில் கொடி முழுதும் ஊதாப் பூ. அவ்வாண்டுப் பொங்கல் கூட்டுக்குக் காய் எங்கள் பந்தலில் பறித்ததே. மாடி வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. தாயார் அதன்பின் பதினோர் ஆண்டுகள் இங்கேயே இருந்தார்.

பந்தல் போட இடமில்லாதவர்கள் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் செடி அவரை இரகங்களைத் தொட்டியில் வைக்கலாம். அவை பகலின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை.

இனி, பீன்ஸ். சனவரியில் தில்லியின் இரவு வெப்பம் சராசரியாக 7, 8 பாகையே. 1935 சனவரியில் சுழியத்துக்கும் கீழே இறங்கியதுண்டு. குளிர்ந்த ஈர மண்ணில் பீன்ஸ் விதை முளைக்காமல் அழுகும். மண் 15 பாகைக்கு மேல் இருத்தல் வேண்டும். மாசி பிறந்ததும், அதாவது பிப்ரவரி நடுவில், விரல்கடை ஆழத்தில், அரைச்சாண் இடைவெளியில் ஊன்றுக. ஏறத்தாழ ஐம்பது, அறுபது நாளில் காய் வரும். பங்குனி கடந்து தாமதித்தால் கோடை வெயிலில் பூ உதிர்ந்துவிடும். ஆவணிக் கடைசியில் மற்றொரு முறையும் ஊன்றலாம். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்துத் தருவதால், யூரியாவை அள்ளிப் போடவேண்டா. போட்டால் இலைதான் பெருகும்.

இடத்தையும் பார்க்கவேண்டும். மார்கழி நண்பகலில் தஞ்சைச் சூரியன் அடிவானத்திலிருந்து 56 பாகை உயரத்தில் நிற்க, தில்லிச் சூரியன் 38 பாகையிலேயே தென்புறம் சாய்ந்திருக்கும். ஆதலால் தெற்கு நோக்கிய சுவரின் அடியே செடிக்கு உகந்த இடம். பகலில் வாங்கிய வெப்பத்தைச் செங்கல் இரவில் சிறிது திருப்பித் தரும். கடுங்குளிர் இரவில் இளங்கொடிக்குச் சாக்குப் போர்த்தலாம். அசுவினி கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

பின்பனி முடியும்போது நல்ல காய்கள் பத்தினைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றி உலர விடுங்கள். பணி ஓய்வு வந்ததும் குடியிருப்பைத் திருப்பி ஒப்படைக்க வேண்டியவர்கள் நாம். பந்தலைப் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது. என் தாயார் இன்று இல்லை. அவர் தலைப்பில் முடிந்து வந்த விதையின் வழிவந்தவை, ஆடிக்காக, என் மகளின் பழைய பேனாப் பெட்டியில் இருக்கின்றன. வேண்டுவோர்க்குப் பிடியளவு தருவாள்.