பங்குனியில் தஞ்சோங் ரம்புத்தான்

பெயரைக் கேட்டதும் வாயில் எச்சில் ஊறும் ஊர்கள் நம் பேரா மாநிலத்தில் நிறைய உண்டு. பீடோர் என்றால் கொய்யா. தம்பூன் என்றால் பொமெலோ. ஈப்போ என்றால் வெள்ளைக் காப்பி. அந்தக் கணக்குப்படி தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் ரம்புத்தான் பழம்தான் நினைவுக்கு வர வேண்டும். ஆனால் பலருக்கு முதலில் வருவது சிரிப்பு. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்ற கிண்டலைப் பள்ளிக்கூடத்தில் கேட்காமல் வளர்ந்த மலேசியர் குறைவு. மலாய், சீனம், தமிழ் என எந்த மொழியில் சொன்னாலும் அது எல்லோருக்கும் புரியும்.

வானொலியில் நேயர்களோடு பேசும் வேலை எனக்கு. சித்தியவான் நேயர் ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொல்வார். சுங்கை சிப்புட் நேயர் பெருமையோடு சொல்வார். தஞ்சோங் ரம்புத்தான் நேயர் பெரும்பாலும் "ஈப்போ பக்கம்ங்க" என்பார். ஈப்போவில் எங்கே என்று கேட்டால் ஒரு சிறு இடைவெளி விழும்.

அந்த இடைவெளிக்குக் காரணம் 1911-ல் இங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை. பிரிட்டிஷ் ஆட்சியில் கூட்டு மலாய் மாநிலங்களுக்காக அமைக்கப்பட்டது. 1971-ல் அதற்குப் 'பஹாகியா' என்று பெயர் மாறியது. மகிழ்ச்சி என்று பொருள். மருத்துவமனையின் பெயர் மாறினாலும் கிண்டல் ஊர்ப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது.

ஊர் ஈப்போவிலிருந்து ரொம்ப தூரமில்லை. காரில் கிளம்பினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகள் துணைக்கு வரும். கிந்தா ஆற்றங்கரையில் பழைய கடை வரிசைகளோடு அமைந்த சிறு பட்டணம். மலாயில் தஞ்சோங் என்றால் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை. ஆற்றோரம் ரம்புத்தான் மரங்கள் நின்றதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். 2015 முதல் பாடாங் பெசார் வரை ஓடும் ஈடிஎஸ் ரயில்கள் ஊரை ஒட்டி விரைகின்றன. காப்பிக்கடையில் அமர்ந்திருப்பவர்கள் அந்தச் சத்தத்துக்காகப் பேச்சை ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்கிறார்கள்.

இந்த ஊருக்கு எப்போது போகலாம் என்று கேட்டால் பங்குனியில் என்பேன்.

நம் நாட்டில் வசந்த காலம் கிடையாது, வெயிலும் மழையும்தான் என்று பாடநூல் சொல்லும். தோட்டத்தில் வாழ்ந்தவர்களைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆண்டுத் தொடக்கத்தின் வறண்ட நாட்களில் பால்மரம் இலை முழுவதையும் உதிர்க்கும். தீம்பார் முழுக்கச் சருகு. பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும், பச்சையாகும், சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் பூத்து இலேசாக மணக்கும். அமேசான் காட்டு மரம் அது. 1877-ல் கோலகங்சாருக்கு வந்த கன்றுகளில் ஒன்று அங்கே இன்னும் மரமாக நிற்கிறது. பனி இல்லாத நாட்டிலும் இலை உதிர்த்துத் துளிர்க்கும் வழக்கத்தை அது விடவில்லை. அதே மாதங்களில் வீட்டு வாசல் ரம்புத்தான் மரங்களும் பூக்கும்.

கேட்க அழகாக இருக்கும். ஆனால் இலை உதிர்ந்தால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். மங்கில் பாதிகூட நிரம்பாத அந்த நாட்களில்தான் நம்மவர்களுக்குப் பங்குனி உத்திரமும் அடுத்துச் சித்திரைப் புத்தாண்டும் வந்தன. கையில் காசு குறைவாக இருந்த மாதத்தில்தான் வேண்டுதல்கள் அதிகம் என்று என் பெரியம்மா சொல்வார். பால் வெட்டிப் பிழைத்தவர்கள் பால் வற்றும் காலத்தில் பால்குடம் எடுத்தார்கள்.

பெரியம்மா ஊரிலேயே இருக்கிறார். சிம்மோர் பக்கத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். பெரியப்பா மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். பங்குனி உத்திரத்தன்று காலை பெரியம்மா கைப்பையில் ஒரு 555 புத்தகம் இருக்கும். கடன் கணக்கு எழுத நம் வீடுகளில் வாங்குவோமே, அதே சின்னப் புத்தகம். அதில் குடும்பத்தார் பெயர், இராசி, நட்சத்திரம் எல்லாம் வரிசையாக இருக்கும். மகன், மருமகள், பேத்தி, நான், என் தம்பி. கடைசியில் எங்கள் குடும்பத்தில் இல்லாத ஒருவரின் பெயர். அதற்கு நேரே இராசியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

பெரியப்பா பார்த்துக்கொண்ட நோயாளி அவர். பால்மரம் வெட்டியவர், இளவயதில் வந்து சேர்ந்தவர். தொடக்கத்தில் தீபாவளிக்குத் தீபாவளி வீட்டார் வந்தார்கள். பிறகு எப்போதாவது வந்தார்கள். பிறகு வரவில்லை. உத்திரத்துக்கு மறுநாள் வேலைக்குப் போகும்போது பெரியப்பா ஒரு பொட்டலம் திருநீறு எடுத்துப் போவாராம். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த மனிதரைப் பற்றிச் செய்தி இல்லை. அர்ச்சனை மட்டும் நிற்கவில்லை.

இந்த ஆண்டு நானும் கூடப் போயிருந்தேன். வெளியே பால்குடக்காரர்கள் வரிசை, தண்ணீர்ப் பந்தலில் மோர், குழந்தைகளின் அழுகை, உறுமி மேளம். உள்ளே குருக்கள் கடைசிப் பெயருக்கு நட்சத்திரம் கேட்டார்.

"உத்திரம்னு வச்சுக்குங்க சாமி."

"எந்தப் பாதம்? சிம்மமா, கன்னியா?"

"ரெண்டையும் சேத்துச் சொல்லிடுங்க."

குருக்கள் சிரித்துக்கொண்டே இரண்டையும் சொன்னார்.

வீட்டில் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஷா ஆலாமில் இருக்கும் அண்ணன், அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ள நினைக்கிறார். நியாயமான பேச்சுதான். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. மாலையில் இடியும் மழையுமாக அடிக்கும் இந்த மாதத்தில் கூரையும் ஒழுகுகிறது. ஆனால் அண்ணனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. திருமணப் பேச்சு நடந்தபோதே சொந்த ஊர் ஈப்போ என்று சொன்னவர் அவர். மகளின் பள்ளி நண்பர்கள் யாரும் இந்தப் பெயரைக் கேட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறார்.

பெரியம்மா எதிர்த்துப் பேசவில்லை. "நான் வந்துட்டா இங்க அர்ச்சனை யாரு போடுறது?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பேத்தி 555 புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, இது யாரு?"

"தாத்தாவோட கூட்டாளி."

"எங்க இருக்காரு?"

"இங்கதான், தஞ்சோங் ரம்புத்தான்ல."

அவள் சிரிக்கவில்லை. பேனா கேட்டு வாங்கி, அந்தப் பெயருக்கு நேரே 'உத்திரம்' என்று எழுதினாள். அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வீட்டு விஷயம் அன்று முடிவாகவில்லை. புத்தாண்டு முடிந்து ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வருவதாகப் பெரியம்மா ஒத்துக்கொண்டார்.

யாரும் வராதவருக்காக வேண்டிக்கொள்வது பெரியம்மாவின் பழக்கம் மட்டுமல்ல. பங்குனி பிற்பாதியில், ஏப்ரல் 4 அல்லது 5-ஆம் தேதி, சீனர்களின் செங் பெங் வரும். அதையொட்டிய நாட்களில் ஈப்போவைச் சுற்றியுள்ள கல்லறைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து புல் வெட்டி, ஊதுவத்தி ஏற்றி, உணவு படைக்கிறார்கள். வாரிசில்லாத பக்கத்துக் கல்லறைக்கும் ஓர் ஊதுவத்தி குத்திவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனநோய் இன்று பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை எடுக்கக்கூடிய நோய். நாட்டில் 2001-ல் புதிய மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. 2010-ல் அது நடைமுறைக்கு வந்தது. சமூக மனநல மையங்களுக்கு அதில் இடம் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுவதுபோல் இதற்கும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை. சொன்னால் என்ன பெயர் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஓர் ஊரின் பெயரை நாம் கிண்டலுக்குப் பயன்படுத்தும்போது, மருந்தகத்தில் வரிசையில் நிற்க வேண்டிய ஒருவர் போகாமலேயே இருந்துவிடலாம்.

நீங்களும் ஒரு பங்குனி ஞாயிறு போய் வாருங்கள். காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் கோயில், பிறகு காப்பிக்கடை. மாலை மழைக்கு முன் திரும்பிவிடலாம். வரும் வழியில் புந்தோங்கில் நிறுத்திக் கச்சாங் பூத்தே வாங்கிக்கொள்ளுங்கள், எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வளர்த்த கைத்தொழில் அது. முறுக்கும் பட்டாணியும் சூடாகக் கிடைக்கும். மறுநாள் அலுவலகத்தில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது எங்கே போனீர்கள் என்று யாராவது கேட்பார்கள். ஈப்போ பக்கம் என்று சொல்லாதீர்கள், ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்லுங்கள்.