எழுதி முடிக்காதவருக்கு ஒரு நன்றி

மதிப்பிற்குரிய லைமன் கோப்லேண்ட் டிரேப்பர் அவர்களுக்கு,

பழைய வரலாறு வாசிப்பவன் என்பதற்கு மேல் எனக்கும் உங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நீங்களோ 1891-லேயே மேடிசன் நகரில் கண்ணை மூடிவிட்டீர்கள். ஆனாலும், அமெரிக்காவில் அப்பலாச்சிய மலை தாண்டிக் கென்டக்கியில் குடியேறிய பூட்டனைத் தேடிப் புறப்படும் பேரப்பிள்ளைகளில் பலர் சுற்றிச் சுற்றி உங்களிடம்தான் வந்து சேருகிறார்கள். அவர்கள் தேடுவதை வேடிக்கை பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அரசாங்கப் பதிவேடு அவர்களுக்கு அதிகம் உதவுவதில்லை. கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புத் தாள்கள் தொலைந்தே போயின. 1850-க்கு முன் நடந்தவற்றிலும் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மனைவி மக்களெல்லாம் வயதுவாரிக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. பத்துப் பெற்றவளுக்கும் பெயர் கிடையாது.

நீங்கள் அந்தத் தாள்களோடு நிற்கவில்லை. கிழவர்களும் கிழவிகளும் உயிரோடு இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டீர்கள். 1851-ல் மிசௌரியில், கென்டக்கி எல்லைப்புற வீரர் டேனியல் பூனின் கடைசி மகன் நேதன் வீட்டுக்குப் போனது போதாதா? அவருக்கு எழுபது வயது. வாரக்கணக்கில் அவரைப் பேசவைத்து நீங்கள் எழுதிய குறிப்பு முந்நூறு பக்கத்தைத் தாண்டும். பூன் என்றாலே நினைவுக்கு வரும் ரக்கூன் தோல் தொப்பி அப்பாவுக்கு அறவே பிடிக்காது, அவர் எப்போதும் சாதாரணத் தொப்பிதான் போடுவார் என்று மகனே சொன்னதையும் எழுதி வைத்தீர்கள். சினிமாக்காரர்கள் அதைப் படிக்கவே இல்லை போலும்!

எனக்கு அதைவிடப் பிடித்தது, நேதனின் மனைவி ஆலிவையும் பேசவிட்டது. புதுமணப் பெண்ணாக மிசௌரிக்கு வந்தபோது, கணவர் துடுப்பு வலிக்க, தான் படகைத் திருப்பிக்கொண்டே நீந்தி வந்த குதிரையின் கடிவாளத்தையும் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்ததை அந்த அம்மாள் சொன்னார். எந்தக் கணக்கெடுப்புக் கட்டத்தில் அது ஏறும்?

ஜான் ஷேன் என்ற பாதிரியார் 1840-களில் கென்டக்கி முதியவர்களிடம் கேட்டு எழுதியிருந்த குறிப்புகளையும், அவர் இறந்த பிறகு ஏலத்தில் எடுத்துச் சேர்த்தீர்கள். ஷானி இனத் தலைவர் டெகம்சேயைப் பற்றித் தனி வரிசை, மொகாக் தலைவர் ஜோசப் பிரான்ட்டைப் பற்றி இன்னொன்று. ஒரே சண்டையை நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் நாலையும் வைத்துக்கொண்டீர்கள். வம்சாவளி தேடுகிறவருக்கு அந்த முரண்களே துப்பு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பூன் குடும்பத்திலும் அடிமைகள் இருந்தார்கள். 1850-ல்கூட அவர்களுக்கான பட்டியலில் எஜமானர் பெயரின் கீழ் வயது, பாலினம், நிறம் இவ்வளவுதான். அவர்களுடைய வாரிசுகள் எஜமானரின் உயிலிலும் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் பாட்டியின் பெயரைத் துழாவ வேண்டியிருக்கிறது. எல்லைப்புற வீரர்களைத் தேடிப்போன உங்கள் ஆர்வம் இவர்கள் பக்கம் அவ்வளவாகத் திரும்பவில்லை.

இரவல் வாங்கிய காகிதங்களை நீங்கள் திருப்பித் தரவில்லை என்று சில குடும்பங்கள் புலம்பியதும் உண்டு. அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் பரண்களில் கிடந்திருந்தால் கறையானுக்கும் தீக்கும் தப்பியிருக்குமா என்று நினைக்கும்போது, உங்கள் பக்கமே சாய்கிறேன். விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்துக்கு நீங்கள் விட்டுச்சென்றவை கிட்டத்தட்ட ஐந்நூறு தொகுதிகள். நுண்படச் சுருளாகப் பல நூலகங்களுக்கும் போய்விட்டன.

இன்னும் ஒரு தகவல் கிடைத்துவிடுமோ என்று காத்திருந்தே காலம் போனதால், நீங்கள் முழுதாக எழுதிய வரலாற்று நூல் கிங்ஸ் மவுண்டன் போரைப் பற்றிய 1881-ஆம் ஆண்டுப் புத்தகம்தான். முன்பே பேனாவை எடுத்திருந்தால் இந்தக் குவியலில் பாதியை உங்கள் நடையில் உருக்கியிருப்பீர்கள். அந்தக் கிழவர்களின் குரல் எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஆகவே அந்தச் சோம்பலுக்கும் சேர்த்தே நன்றி.

ஒரு செய்தி: உங்கள் பூன் வாழ்க்கை வரலாறு 1998-ல் அச்சேறிவிட்டது. நீங்கள் விட்ட இடத்திலேயே, 1778-ல், நிற்கிறது. கதாநாயகர் அதன் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

இப்படிக்கு,
உங்கள் குறிப்புகளின் வாசகன்