அண்ணாச்சிக்குக் கேட்காத சத்தம்

சத்தம் என்றாலே எங்கள் மாவட்டத்தில் சிவகாசி வெடிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடி கூடாது என்று 1999-லேயே விதி வந்துவிட்டது. நான் சொல்ல வந்தது வேறு சத்தம். ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் எலெக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தவன் நான். மோட்டார் சத்தம்தான் எனக்குச் சோறு போட்டது.

தொழில் கற்றுக்கொடுத்த அண்ணாச்சி, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை பேரிங் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார். "கிரீஸ் காஞ்சு போச்சுப்பா" என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். சந்தேகம் வந்தால் ஸ்விட்சை அணைக்கச் சொல்வார். கரண்ட் நின்ற நொடியே சத்தமும் நின்றால் கோளாறு மின்சாரப் பக்கம். மோட்டார் சுற்றி ஓயும்வரை சத்தமும் கூடவே தேய்ந்தால் பேரிங், அலைன்மென்ட் என்று பார்க்க வேண்டும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வோர் அலைக்கும் காந்தம் இரும்பை இரண்டு முறை இழுக்கும். நொடிக்கு 100 அதிர்வு. மோட்டாரின் அந்த 'ம்ம்ம்' இதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில், நூல் அறாமலிருக்க ஈரக்காற்று அனுப்பும் பெரிய ஃபேனுக்கு ஏ.சி. டிரைவ் மாட்டினார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்க, அது மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பும். ஒரு வாரத்தில் பக்கத்து டெஸ்டிங் ரூம் பெண்பிள்ளை வந்து நின்றது. "சார், காதுக்குள்ள கொசு கத்துற மாதிரியே இருக்கு. சாயங்காலமானா தலைவலி."

எனக்கும் கேட்டது. அண்ணாச்சி ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு சத்தமும் இல்லையேம்மா, பேரிங் நல்லாத்தான இருக்கு" என்றார்.

பேரிங் நன்றாகத்தான் இருந்தது. டிரைவில் கேரியர் ஃப்ரீக்வென்சி 3 கிலோஹெர்ட்ஸில் இருந்தது. 8-க்கு ஏற்றினோம். கீச்சொலி பெரும்பாலும் அடங்கிவிட்டது. டிரைவ் கூடுதலாகச் சூடாகும் என்பதால் பேனலில் இன்னொரு ஃபேன் வைத்தோம்.

அண்ணாச்சிக்கு ஏன் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. மதுரையில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தானாம். அதைவிடத் தாழ்ந்த 'ம்ம்ம்' நன்றாகக் கேட்கும். அதனால் காது போவது வருடக்கணக்கில் தெரியாது. உட்காதில் செத்த நுண்மயிர்ச் செல்கள் திரும்ப முளைப்பதும் இல்லை.

"மோட்டாருக்கு பேரிங் மாத்திரலாம் தம்பி, இதுக்கு?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொழிற்சாலையில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு. இரைச்சலால் வரும் செவிட்டுத்தனம், சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மில்லுக்கோ பிரஸ்ஸுக்கோ வேலைக்குப் போனால், காதில் அடைப்பான் வைக்கச் சொல்லுங்கள். டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்லிப் பேரப்பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்கும் நண்பர்களும் காதை ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள்.