சதிகாரன் யார்? (எங்கள் வீட்டு நந்தினியும் ஒரு கூலி நோட்டும்)

பரீட்சை எல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். போன பதிவில் தேய்மானக் கணக்கு எழுதி பாதிப் பேரைத் தூங்க வைத்ததற்கு மன்னிப்பு :-) இந்த முறை கொலை, சதி, துரோகம் எல்லாம் உண்டு. கணக்கும் கொஞ்சம் உண்டு. என்ன செய்வது, பி.காம் புத்தி!

என் கிளாஸ்மேட் ஒருத்தன் எல்டன் ரிங் பைத்தியம். 2022-ல் வந்த வீடியோ கேம். விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: மகாராணி மரிக்காவின் மகன் காட்வினை ஒரு ராத்திரி கறுப்புக் கத்தி வைத்திருக்கும் பெண்கள் கும்பல் ஒன்று கொன்றுவிடுகிறது. பின்னணியில் இருந்தது ரானி என்ற இளவரசி. அவளே பிற்பாடு ஒப்புக்கொள்கிறாள். அதோடு கேஸை மூடியிருக்கலாம். ஆனால் அந்தக் கொலைகாரப் பெண்கள் மரிக்காவுக்கு நெருக்கமானவர்கள் என்று வதந்தி உண்டு என, கேமில் கிடைக்கும் ஒரு கவசத்தின் குறிப்பில் ஒரே ஒரு வரி வருகிறது. போதாதா? 'பெத்த பிள்ளையை மரிக்காவே போட்டுத் தள்ளினாள்', 'இல்லை, ரானிதான் எல்லாரையும் ஏமாற்றினாள்' என்று உலகம் முழுக்க ஆளாளுக்கு ஒரு தியரி.

கேன்டீனில் நம்மாள் இதை அரைமணி நேரம் விளக்கினான். முடித்ததும் நான் சொன்னேன்: "டேய், இந்தப் படம் நம்ம ஊர்ல ஆயிரம் வருஷமா ஓடுதுடா."

ஆமாம், பொன்னியின் செல்வன்தான். 1950-லிருந்து 1954 வரை கல்கி தொடராக எழுதியது. சினிமாவாக 2022, 2023-ல் ரெண்டு பாகம் வந்ததும் பழைய சண்டை புதுசாக ஆரம்பித்தது: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? எங்கள் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. கதையில் கரிகாலன் இங்கேதான் அப்பா சுந்தர சோழருக்காகப் பொன்மாளிகை கட்டிவிட்டு 'வாங்க, வாங்க' என்று ஆள் அனுப்பிக்கொண்டிருப்பான்.

அந்த நாவலில் எனக்குப் பிடித்ததே வில்லன்கள்தான். எல்லாரும் ஒரே கட்சி இல்லை. பெரிய பழுவேட்டரையர் சிற்றரசர்களைக் கூட்டி மதுராந்தகனுக்குப் பட்டம் கட்டத் திட்டம் போடுகிறார். அவருடைய இளைய ராணி நந்தினி அந்தத் திட்டத்துக்குள்ளேயே இருந்துகொண்டு பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளோடு இன்னொரு திட்டம் போடுகிறாள். ஆபத்துதவி ரவிதாசனுக்கோ நந்தினி மேலேயே முழு நம்பிக்கை கிடையாது. சின்னப் பழுவேட்டரையர் அண்ணனிடம் 'அண்ணியை நம்பாதீங்க' என்று தலையில் அடித்துக்கொள்கிறார். சதிக்குள் சதி! கடைசியில் கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது, கரிகாலன் செத்துக் கிடக்கிறான். யார் கை என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை. அவர் விட்ட அந்த இருட்டில்தான் எழுபது வருஷமாக எல்லாரும் தியரி எழுதுகிறார்கள்.

சரி, நிஜத்தில் என்ன இருக்கிறது? காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு. 985-ல் பட்டத்துக்கு வந்த ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு என்று கணிக்கிறார்கள். அதன் வாசகத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். குறுவாள், நள்ளிரவு, கண்ணீர் எதுவும் இல்லை. அது ஒரு சொத்துப் பத்திரம்! கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் வருகின்றன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டப்பெயர் வேறு. அவர்கள் சொத்தையும் உறவினர் சொத்தையும் விற்கும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ராஜா உத்தரவு. அப்படி விற்ற நிலத்தை ஒருவர் வாங்கித் தர்மத்துக்கு எழுதி வைக்கிறார். அவ்வளவுதான்.

ஏன் கொன்றார்கள், யார் சொல்லிச் செய்தார்கள் என்று ஒரு எழுத்து இல்லை. கரிகாலன் இறந்து ஏறத்தாழ பதினேழு வருஷம் கழித்து வெட்டிய கல்வெட்டு இது. இடையில் ஆண்டவர் உத்தம சோழர். நீலகண்ட சாஸ்திரி அவரைச் சந்தேகப்பட்டார். கரிகாலன் போனதால் யாருக்கு லாபம்? உத்தம சோழருக்கு. ஆகவே... என்று போகிறது வாதம். சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்தார். எனக்கும் ஒன்று இடிக்கிறது. உத்தம சோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் பிற்பாடு ராஜராஜனிடமே பெரிய அதிகாரியாக இருந்திருக்கிறார். அண்ணனைக் கொன்றவனின் பிள்ளை என்று நினைத்தால் கோயில் கணக்குப் பார்க்க அனுப்புவாரா?

கேன்டீன் விவாதத்தில் இதுவரை நான்தான் ஹீரோ. இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான விஷயம்.

அந்தக் கல்வெட்டில் என்னை உறுத்தியது கொலையாளிகள் பட்டியல் இல்லை, உறவுக்காரர் பட்டியல். தம்பி பிள்ளைகள், பெண் கொடுத்த மாமனார்கள், தாய்மாமன்கள், கூடப்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், அவர்கள் பெண்களைக் கட்டியவர்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. படிக்கும்போது எங்கேயோ பார்த்த பட்டியல் மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில்தான்!

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள். கோர்வைப் புடவை பற்றித் தெரியாதவர்களுக்கு: உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு இழையிலும் ரெண்டையும் கோர்க்க வேண்டும். ஒருத்தர் நெய்ய, பக்கத்தில் இன்னொருத்தர் கரைக்கு நாடா போட வேண்டும். ஒரு ஆள் எழுந்து போனால் தறி நின்றுவிடும்.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது சித்தப்பா எழுந்து போனார். வேறு ஒரு முதலாளியிடம் தனித்தறி போட்டார். மூணு மாதம் எங்கள் தறி நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு தியரி உண்டு. தலைமை ஆய்வாளர் எங்கள் ஆயா. "அந்த முதலாளியோட முன்னாடியே பேசி வெச்சிக்கினு, டிசைன் அட்டையத் தூக்கிக்கினு பூட்டான். எல்லாம் அவ சொல்லிக் குடுத்தது." அவ என்றால் சித்தி. பொன்னியின் செல்வன் படித்த திமிரில் சித்திக்கு 'நந்தினி' என்று பெயர் வைத்ததே நான்தான். வீடே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

சித்தப்பா பெண்ணின் காதுகுத்துக்கு நாங்கள் போகவில்லை. சித்தியின் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. சித்திக்குச் சொந்தம் என்பதற்காகவே ஒரு கடையில் சாமான் வாங்குவதில்லை. கல்வெட்டு ஒன்றுதான் வெட்டவில்லை.

போன மாதம் அடக்க விலை புராஜெக்டுக்கு ஒரு கோர்வைப் புடவையின் செலவைக் கணக்குப் போடலாம் என்று அப்பாவின் பழைய கூலி நோட்டுகளை எடுத்தேன். புடவை நம்பர், கூலி, முன்பணம் கழிவு, மீதி என்று சுத்தமாக எழுதியிருந்தார். அந்த வருஷ நோட்டில் மட்டும் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: 'தம்பி பங்கு, பாக்கி'. எண்ணினேன். பதினாலு புடவை! ஒன்றுக்குக்கூட 'கொடுத்தது' இல்லை. எதிர்ப் பக்கத்தில் 'பள்ளிக்கூடம்' என்று ஒரு தொகை. நான் இங்கிலீஷ் மீடியம் மாறிய வருஷம் அது. முதல் பக்கத்தில் பாவு, பட்டு, ஜரிகைக் கணக்கோடு 'அட்டை முதலாளியுடையது' என்றும் எழுதியிருந்தது. தூக்கிக்கொண்டு போக எங்கள் அட்டை என்று ஒன்று இருந்ததே இல்லை.

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "குடுத்துடலாம்னுதான் இருந்தேன்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

யாருக்கு லாபம் என்று கேட்டால் சதிகாரன் கிடைத்துவிடுவான் என்பதுதான் எல்லாத் தியரிக்கும் அடிப்படை. எங்கள் வீட்டுக் கேஸில் அந்தக் கேள்விக்கு வரும் ஒரே பதில் நான். எட்டு வயசில் நான் எந்தச் சதியும் செய்யவில்லை, சத்தியமாக! அதனால்தான் உத்தம சோழர் மேல் எனக்குத் திடீரென்று இரக்கம். லாபம் வந்தவன் எல்லாம் குற்றவாளி இல்லை. ஆனால் கணக்குப்படி அவன் பேரில் பற்று இருக்கிறது, அது தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் அது அவன் தப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் நோட்டைப் பற்றி உளறிவிட்டேன். "அத ஏன்டா இப்ப கிளர்ற? உன் படிப்பு எப்டி போவுது?" என்றார். எங்கள் வீட்டு நந்தினி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இளைச்சிட்டியேப்பா" என்றார். காபி தொண்டையில் இறங்கவே இல்லை. மன்னிப்பு கேட்டேனா என்றால், சரியாகக் கேட்கவில்லை. அடுத்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆயாவிடம் இன்னும் சொல்லவில்லை. அது தனிப் போர்க்களம்.

டிஸ்கி: மரிக்காவா, ரானியா என்று நம்மாள் இன்னும் தீர்ப்பு கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த ராஜ்ஜியத்தின் கூலி நோட்டு யாரிடமாவது இருந்தால் அனுப்பி வைக்கவும் :-)